கபடி வர்ணனையாளர் என்ன சொல்கிறார்?

தொலைக்காட்சியில் கபடிப் போட்டி நடக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கும். "டூ ஆர் டை ரெய்டு! லெப்ட் கார்னரில் ஆங்கிள் ஹோல்டு! சூப்பர் டேக்கிள்!" என்று வர்ணனையாளர் முழங்குவார். இளமையில் கடற்கரை மணலில் சடுகுடு ஆடித் தேர்ந்தவர் என் தாத்தா. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆட்டம் நம்ம ஆட்டம்தான். பேச்சு மட்டும் யாரு பேச்சும்மா?" என்று கேட்பார். அவருக்கு விளக்குவதற்காக நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் கூறுகிறேன்.

முதலில் ஆடுகளத்தைப் பார்ப்போம். ஆண்களுக்கு அது 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பெண்களுக்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு அதனை இரு பாதியாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பக்கமும் எழுவர் நிற்பர். எதிரணியின் பாதிக்குள் பாடிப் போவதே 'ரெய்டு'. பாடிப் போகிறவர் 'ரெய்டர்'. மடக்க நிற்பவர் 'டிபெண்டர்'. மடக்கிப் பிடிப்பது 'டேக்கிள்'. "கபடி, கபடி" என்று விடாமல் சொல்வதற்குக் 'கேன்ட்' என்று பெயர். தாத்தா இதைத் 'தம்' என்பார். பாட்டு அறுந்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி போய்விடும். ஒரு ரெய்டுக்கு 30 விநாடியே நேரம்.

எதிரணியின் பாதியில் நடுக்கோட்டுக்கு இணையாக இரண்டு கோடுகள் உள்ளன. முதற்கோடு 'பாக் லைன்'. பெண்கள் ஆட்டத்தில் இது நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும். பாடிப் போகிறவர் யாரையும் தொடாவிட்டாலும் இக்கோட்டையாவது கடந்து திரும்ப வேண்டும். இல்லையேல் அவர் ஆட்டமிழப்பார். அதற்கு 1 மீட்டர் அப்பால் இருப்பது 'போனஸ் லைன்'. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, ஒரு கால் அக்கோட்டுக்கு அப்பால் ஊன்றியும் மறுகால் தரையில் படாமலும் இருந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். அதுவே 'போனஸ்'. யாரையும் தொடாமல், பிடிபடாமல், புள்ளியின்றித் திரும்புவது 'எம்ப்டி ரெய்டு', அதாவது வெறுங்கையோடு வருவது.

புரோ கபடி லீக் 2014-ஆம் ஆண்டு தொடங்கியது. நம் தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் அதில் சேர்ந்தது. இந்தப் போட்டிகளில் ஓர் அணி அடுத்தடுத்து இருமுறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரெய்டு 'டூ ஆர் டை' ஆகிவிடும். புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லையேல் பாடிப் போனவர் வெளியேற வேண்டும். "வாழ்வா சாவா" என்று தமிழில் சொன்னேன். "அப்படிச் சொன்னா நான் புரிஞ்சிக்க மாட்டேனா!" என்றார் தாத்தா.

பிடிப்பவர்கள் நிற்கும் இடங்களுக்கும் பெயருண்டு. இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் 'கார்னர்'. நடுவில் நிற்பவருக்கு இரு பக்கமும் அணைந்து நிற்பவர்கள் 'கவர்'. கார்னரில் உள்ளவர் குனிந்து கணுக்காலைப் பற்றுவது 'ஆங்கிள் ஹோல்டு'. தொடையைக் கட்டிப் பிடிப்பது 'தை ஹோல்டு'. ஓடிவந்து உடலால் மோதிக் களத்துக்கு வெளியே தள்ளுவது 'டேஷ்'. இருவர் மூவர் கைகோத்து வளைப்பது 'செயின்'. ரெய்டர் காலை நீட்டி விரல் நுனியால் தொட்டுவிட்டால் அது 'டோ டச்'.

இனிக் கணக்கு. எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால் ஒரு புள்ளி கிடைப்பதோடு, முன்னர் வெளியேறிய நம் ஆட்டக்காரர் ஒருவர் களத்துக்குத் திரும்புவார். இது 'ரிவைவல்'. போனஸ் புள்ளிக்கு இந்தச் சலுகை இல்லை. எழுவரும் வெளியேறினால் 'ஆல் அவுட்'. மற்ற அணிக்குக் கூடுதலாக 2 புள்ளிகள். மூவரோ அதற்கும் குறைவானவரோ நின்று ரெய்டரைப் பிடித்துவிட்டால் 'சூப்பர் டேக்கிள்'. ஒன்றுக்குப் பதில் 2 புள்ளிகள். ஒரே ரெய்டில் மூன்று புள்ளிக்குக் குறையாமல் எடுத்தால் 'சூப்பர் ரெய்டு'. ஓர் ஆட்டத்தில் ஒருவர் பாடிப் போய் 10 புள்ளி எடுப்பது 'சூப்பர் டென்'; பிடித்து 5 புள்ளி எடுப்பது 'ஹை பைவ்'.

'டுப்கி' என்னும் சொல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது இந்திச் சொல். நீரில் மூழ்குதல் என்பது பொருள். எதிரில் கைகோத்து நிற்பவர்களின் கைகளுக்கு அடியில் உடலைத் தாழ்த்தி நுழைந்து, நடுக்கோட்டை எட்டுவதே அது. என் அம்மா கடற்பாசி எடுக்கச் செல்பவர். கபடி பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், டுப்கியைத் தொலைக்காட்சியில் காட்டி நான் விளக்கியதும், "ஏம்மா, இது நாங்க பாசிக்கு முங்குறது மாதிரியில்ல இருக்கு! மூச்சப் புடிச்சி, தலைய குனிஞ்சி, மேல வந்தாத்தானே பொழைப்பு!" என்று சிரித்துவிட்டார். அன்று முதல் என் கால் காயத்துக்கு அம்மாவே மஞ்சள் அரைத்துத் தருகிறார்.

இப்போது அந்த மற்றொரு காரணம். ஆடுகளத்தின் இருபக்க ஓரங்களிலும் 1 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை உண்டு. அதுவே 'லாபி'. பாடிப் போனவர் எதிரணியினரைத் தொடும் வரை, அல்லது அவர்கள் இவரைத் தொடும் வரை, லாபி களத்தைச் சேர்ந்ததன்று; கால் வைத்தால் ஆட்டமிழப்பு. தொட்ட பிறகு நடக்கும் மல்லுக்கட்டுக்கு 'ஸ்ட்ரகிள்' என்று பெயர். அது தொடங்கியதும் லாபியும் களமாகிவிடும். சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில், இரு அணிகளும் சமநிலையில் இருந்தபோது, கடைசியாகப் பாடிப் போனவள் நான். யாரையும் தொடவில்லை. பிடிக்க வந்தவளிடமிருந்து விலகி ஓரத்துக்கு ஓடினேன். நடுவர் ஊதினார். ஒலிபெருக்கியில் "லாபி அவுட்" என்றார்கள். அச்சொல்லைப் பலமுறை கேட்டிருந்தேன்; என்னவென்று ஒருமுறையும் கேட்டதில்லை. ஒரே புள்ளியில் தோற்றோம். தோழிகள் ஒருத்தியும் என்னைக் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிரவே ஒரு நோட்டில் இச்சொற்களை எழுதத் தொடங்கினேன்.

2010-ஆம் ஆண்டு குவாங்சோவில் பெண்கள் கபடி முதன்முறையாக ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. தங்கம் இந்தியாவுக்கே கிடைத்தது. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நம் பெண்கள் சீன தைபே அணியை 26–25 என ஒரே புள்ளியில் வென்றனர். அந்த விளையாட்டில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அதுவே. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகாவும் ஆடினார். ஒரு புள்ளியின் விலை என்ன என்பதை, ஒரு புள்ளியில் தோற்ற நான் நன்கறிவேன்.

ஆகவே தோழியரே, புரியாத சொல்லைக் கேட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். விளையாட்டிலாயினும் பாடத்திலாயினும் "இதன் பொருள் என்ன?" என்று கேட்பதில் வெட்கமில்லை. என் நோட்டு வகுப்பறை அலமாரியில்தான் இருக்கிறது. வேண்டுவோர் எடுத்துப் படிக்கலாம்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி