விடலைப் பருவத்து நாய்: ஆறாவது மாதத்துக்குப் பிறகு நடப்பது என்ன?

இங்கிலாந்தில் மூன்று வயதை எட்டுவதற்கு முன்பே இறந்துபோகும் வளர்ப்பு நாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றின் மரணத்துக்கு, அந்த நாயின் விரும்பத்தகாத நடத்தையே காரணமாக இருக்கிறது.

லண்டனில் உள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், 2009ஆம் ஆண்டுக்கும் 2014ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட கால்நடை மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இது. இந்த வயதுப் பிரிவில், குடல் நோய்களும் சாலை விபத்துகளும் கூட இதற்குப் பின்னால்தான் வருகின்றன. இவ்வாறு இறந்த நாய்களில் பெரும்பாலானவை கருணைக் கொலை செய்யப்பட்டவை. கடித்தது, பாய்ந்தது, உறுமியது என்பவை அவற்றின் மீதான குற்றச்சாட்டுகளில் முதன்மையானவை.

இந்த எண்ணிக்கைக்குள் அடங்கும் நாய்கள் அனைத்தும், வீட்டுக்கு வந்த நாளில் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கும் குட்டிகளாகத்தான் வந்திருக்கும். ஒரு குட்டியின் எட்டாவது வாரத்துக்கும் இரண்டாவது பிறந்த நாளுக்கும் இடையில் என்ன நேர்கிறது என்பதை நாய் வளர்க்கும் பலரும் அறிந்திருப்பதில்லை. குட்டியை விற்பவர்களும் அதைச் சொல்வதில்லை.

"உட்கார்" என்ற ஒரு சொல்

நாயை வளர்ப்போர் நெடுங்காலமாகவே ஒரு முறைப்பாட்டைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் சொன்னதையெல்லாம் கேட்ட குட்டி, எட்டு மாதத்தில் காது கேளாததைப் போல நடந்து கொள்கிறது என்பதே அது. பயிற்சியாளர்கள் இதை ஒப்புக்கொண்டபோதிலும், அறிவியல் சான்று என்று சொல்லத்தக்கது அண்மைக்காலம் வரை இருக்கவில்லை.

நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் தலைமையிலான குழு, 2020ஆம் ஆண்டு மே மாதம் 'பயாலஜி லெட்டர்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையை நிரப்பியது. வழிகாட்டி நாய்களாகப் பயிற்றுவிக்கப்படவிருந்த லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் இனக் குட்டிகளும் அவற்றின் கலப்பினங்களும் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 69 நாய்களிடம் "உட்கார்" என்ற கட்டளை, ஐந்து மாத வயதில் ஒரு முறையும், எட்டு மாத வயதில் மறுமுறையும் சோதிக்கப்பட்டது.

எட்டு மாத நாய்கள் கட்டளைக்குப் பணிய அதிக நேரம் எடுத்துக் கொண்டன. திரும்பத் திரும்பச் சொல்லியும் பணியாத நாய்களும் இருந்தன. இதில் வியப்பில்லை. வியப்புக்குரியது அடுத்த பகுதிதான். தன்னை வளர்ப்பவர் சொன்னபோது உட்கார மறுத்த அதே நாய், அறிமுகமில்லாத ஒருவர் அதே சொல்லைச் சொன்னபோது முன்னைக் காட்டிலும் நன்றாகவே பணிந்தது.

ஆகவே நாய்க்குப் பாடம் மறந்துவிடவில்லை. அது மறுத்தது கட்டளையை அல்ல, கட்டளையிட்டவரை.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் எவருக்கும் இது பழக்கமான காட்சி. தாயிடம் எரிந்து விழும் பிள்ளை, அடுத்த வீட்டாரிடம் அடக்கமே உருவாக நிற்பது உலகெங்கும் உள்ளது. ஆய்வாளர்களும் இந்த ஒப்புமையைத் தற்செயலாகச் சொல்லவில்லை. வளர்ப்பவரை விட்டுப் பிரிந்திருக்க இயலாமல் பதற்றம் காட்டிய பெண் நாய்கள், மற்றவற்றைவிட முன்னதாகவே பருவமடைந்ததையும் அவர்கள் கண்டார்கள். பாதுகாப்பற்ற குடும்பச் சூழலில் வளரும் சிறுமிகள் முன்னதாகப் பருவமடைவதாக மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் சொல்வதை இது ஒத்திருக்கிறது.

285 நாய்களை வளர்ப்போரிடம் கேட்கப்பட்ட வினாக்களும் இதே திசையில்தான் விடை தந்தன. எட்டாவது மாதத்தை ஒட்டி, பயிற்றுவிக்க எளிதானது என்ற மதிப்பெண் வளர்ப்பவரின் கணக்கில் சரிந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் அது மீண்டது.

உடலுக்குள் நடப்பவை

நாய் ஒன்று பருவமடைவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில். சிறிய இனங்களில் இது முந்தும்; பெரிய இனங்களில் பிந்தும். ஆனால் உடல் பருவமடைவது வேறு, நடத்தை முதிர்வது வேறு. இரண்டாவது முடிவதற்கு ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரை ஆகலாம். இந்த இடைவெளியில், முழு வளர்ச்சி பெற்ற உடலை முதிராத மூளை ஒன்று ஓட்டிக் கொண்டிருக்கிறது.

அதற்கு முன்பே பல் மாற்றம் நடந்து முடிகிறது. 28 பால் பற்கள் விழுந்து, ஏழு மாத அளவில் 42 நிலையான பற்கள் நிறைகின்றன. இந்தக் காலத்தில் நாற்காலிக் கால்களும் செருப்புகளும் படும் பாடு பல வீடுகளில் நகைச்சுவைக் கதையாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் இது கடந்து போகும் தொல்லைதான். பின்னர் வருவதே கடினமானது: கழுத்துவாரை இழுத்துக் கொண்டு முன்னே பாய்வது, பூங்காவில் அவிழ்த்து விட்டால் அழைத்தும் திரும்பாதது, நேற்று வரை பொருட்படுத்தாத குப்பைத் தொட்டியைக் கண்டு இன்று அஞ்சிக் குரைப்பது.

இந்தத் திடீர் அச்சத்தைப் பயிற்சியாளர்கள் 'இரண்டாவது அச்சப் பருவம்' என்று அழைக்கிறார்கள். முதலாவது குழந்தைப் பருவத்தைச் சேர்ந்தது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மெய்ன் மாநிலத்தில் நீண்டகாலம் நடத்திய ஆய்வை 1965இல் நூலாக வெளியிட்டார்கள். மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றையே பின்னர் அச்சமின்றி ஏற்கிறது என்பது அந்த நூல் நிலைநாட்டிய கருத்துகளில் ஒன்று. இன்றைக்கும் நாய்ப் பயிற்சியின் அடித்தளமாக அது இருந்து வருகிறது.

பெருந்தொற்றுக் காலத்துக் குட்டிகள்

பிரிட்டனில் 2020 மார்ச் 23ஆம் தேதி பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்ட பின்னர் நாய்க்குட்டிகளுக்கான தேவை பெருகி, விலையும் ஏறியது. வாங்கியவர்களில் பலர் அதற்கு முன் நாய் வளர்த்தறியாதவர்கள். அந்தக் குட்டிகள் பயிற்சி வகுப்புகளுக்குச் செல்வதும், வீட்டுக்கு விருந்தினர் வந்து அவற்றோடு பழகுவதும், முந்தைய ஆண்டில் வாங்கப்பட்ட குட்டிகளோடு ஒப்பிடுகையில் குறைவாகவே இருந்தது என்று ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி கண்டறிந்தது. ஸ்காட்டும் ஃபுல்லரும் சொன்ன அந்தச் சில வாரங்கள், பூட்டிய கதவுகளுக்குள் கழிந்தன.

அந்த நாய்கள் 21 மாத வயதை எட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ப்போரிடம் அதே கல்லூரி மீண்டும் விசாரித்தது. ஏதேனும் ஒரு நடத்தைச் சிக்கலாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 97 சதவீதம். கழுத்துவாரை இழுப்பதாக 67 சதவீதத்தினரும், அழைத்தால் வருவதில்லை என்று 52 சதவீதத்தினரும் கூறினர். கத்துவது, தள்ளுவது, கழுத்துவாரை வெட்டி இழுப்பது போன்ற தண்டனை முறைகளில் ஏதேனும் ஒன்றையாவது பயன்படுத்தியதாக ஒப்புக் கொண்டவர்கள் பத்துக்கு எட்டுப் பேர்.

அழைத்தால் வராத நாய் என்பது, பிரிட்டனின் நாட்டுப்புறத்தில் வெறும் சங்கடம் மட்டுமல்ல. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விவசாய நிலத்தில் ஆடு மாடுகளை நாய் துரத்துவது அதன் உரிமையாளர் செய்த குற்றம். கால்நடையைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் நாயைச் சுட்டுக் கொல்லும் விவசாயிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பும் அளிக்கிறது. நாய் ஆபத்தான முறையில் கட்டுமீறுவது பொது இடத்தில் மட்டுமன்றி, வீட்டுக்குள் நடந்தாலும் குற்றம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014இல் சட்டம் விரிவாக்கப்பட்டது. எட்டு மாத நாயின் விளையாட்டுத்தனம், சட்டத்தின் கண்ணில் விளையாட்டாகவே பார்க்கப்படும் என்று சொல்வதற்கில்லை.

தெருவில் வளரும் நாயும் வீட்டில் வளரும் நாயும்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பிறந்து மேற்கில் குடியேறிய பலருக்கு இந்தக் கவலைகள் மிகையாகத் தோன்றக்கூடும். ஊரில் நாய்க்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. அது தானாக வளர்ந்தது என்பது அவர்களின் நினைவு. நினைவு பொய்யல்ல, ஆனால் முழுமையானதும் அல்ல.

கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் மேற்கு வங்கத்தில் தெரு நாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில், இனப்பெருக்க வயதான ஏழு மாதத்தை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. இறந்தவற்றில் 63 சதவீதத்தின் மரணத்தில் மனிதர்களுக்குப் பங்கிருந்தது. ஊரில் தானாக வளர்ந்ததாக நினைவில் நிற்கும் நாய், எஞ்சிய அந்த ஐந்தில் ஒன்றாகவே இருந்திருக்கக்கூடும்.

மேலும், தெருவில் குட்டிக்குத் தாயும் பிற நாய்களும் எல்லையைக் கற்பிக்கின்றன. குட்டி வளர வளர, உணவைப் பகிர்ந்து கொள்வதைத் தாய் படிப்படியாகக் குறைத்துக் கொள்வதையும் இதே குழு பதிவு செய்திருக்கிறது. லண்டனிலோ டொரொண்டோவிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில் அந்த வேலை முழுவதும் மனிதர்களின் தலையில் விழுகிறது. பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் மனிதர்களின் தலையில்.

தமிழ்ச் சமையலறைக்கு என்றே தனியான ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேசையில் இருப்பதைத் திருடித் தின்பது இந்த வயது நாயின் பொழுதுபோக்கு. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். மீந்த சோற்றைக் குழம்போடு பிசைந்து நாய்க்கு வைக்கும் பழக்கம், அன்பினால் வந்ததுதான் என்றாலும், கைவிடத்தக்கது.

அடித்தால் திருந்துமா?

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் உள்ள பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. அச்சுறுத்தலும் வலியும் தரும் முறைகளில் பயிற்றுவிக்கப்பட்ட நாய்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் பயிற்சிக்குப் பிறகு அதிகரித்திருந்தது. உணவையும் விளையாட்டையும் பரிசாகக் கொடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட நாய்களில் அந்த உயர்வு இல்லை. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டிகளை வேல்ஸ் 2010ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

நியூகாசில் முடிவுகளோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வளர்ப்பவரோடுள்ள பிணைப்பு ஏற்கெனவே ஆட்டம் காணும் ஒரு காலத்தில், தண்டனை அந்தப் பிணைப்பின் மீதே விழுகிறது. அதைவிட, நாய் தவறு செய்ய வாய்ப்பில்லாதபடி சூழலை மாற்றுவது எளிது என்பது பயிற்சியாளர்களின் வாதம்: திறந்த வெளியில் அவிழ்த்து விடாமல் பத்து மீட்டர் கயிற்றில் ஓட விடுவது, அழைத்து வந்தால் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுப்பது, போதுமான தூக்கத்தை உறுதி செய்வது. ஓயாமல் துள்ளும் இளநாய் பல வேளைகளில் சோர்ந்துபோன நாய் என்பதை, இரவு பத்து மணிக்கு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும் நாயைப் பார்த்து நிற்பவர்கள் நம்புவதில்லை.

கருத்தடை அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வயதுக்கு முன் அந்தச் சிகிச்சைக்கு உட்பட்ட கோல்டன் ரிட்ரீவர்களில் மூட்டு நோய்கள் அதிகம் என்று காட்டியது. 2020இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது, இனத்துக்கு இனம் ஆபத்து வேறுபடுவது தெரிய வந்தது. சிறிய இனங்களில் மூட்டு நோய் ஏறவில்லை. எனவே எந்த வயதில் செய்வது என்பதை இனத்தையும் பாலினத்தையும் கருத்தில் கொண்டு கால்நடை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நியூகாசில் ஆய்வுக்கு நாய்களைத் தந்துதவிய பிரிட்டனின் வழிகாட்டி நாய்கள் சங்கம், 1931இல் வாலசி நகரில் நான்கு நாய்களோடு தொடங்கிய முயற்சியில் இருந்து வளர்ந்தது. அங்கு குட்டிகள் ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் தன்னார்வலர்களின் வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. பல் முளைப்பது, செருப்பைக் கடிப்பது, "உட்கார்" என்றால் முகத்தைத் திருப்பிக் கொள்வது எல்லாம் அந்த வீடுகளில்தான் நடக்கின்றன. ஓராண்டோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ கழிந்து, நாய் மீண்டும் சொல் கேட்கத் தொடங்கும் வேளையில், சங்கத்தின் வாகனம் வந்து அதை அடுத்த கட்டப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. தன்னார்வலர்களில் பலர், அதன் பிறகு இன்னொரு எட்டு வாரக் குட்டியை வாங்கிக் கொள்கிறார்கள்.