ஊசியும் கோப்பையும்: மலைத்தோட்டத்து முதுகுவலிக்கு எதுவரை துணை?

இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளிலும், பாலக்காட்டு நெல்லியாம்பதி மலையிலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை செய்து வருகிறார்கள். தேயிலைக் கொழுந்து எடுப்பவருக்குத் தலை நிமிர நேரமில்லை. எடுத்த கொழுந்தை மூட்டையாகச் சுமக்கவும் வேண்டும். ஏலமோ செடியின் அடித்தூரில் காய்ப்பது. போடி, கம்பம் பக்கமிருந்து விடியலில் ஜீப் ஏறி மலைக்கு வரும் பெண்கள் பொழுதுக்கும் குனிந்தும் குந்தியும்தான் காய் பறிக்கிறார்கள். "கழுத்து பிடிச்சுக்கிச்சு, இடுப்பு விட்டுப்போச்சு" என்பது அங்கே அன்றாடப் பேச்சு.

2015இல் மூணாறில் பெண்களே முன்னின்று நடத்திய 'பொம்பிளை ஒருமை' போராட்டத்துக்குப் பின் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கூடவே, எடுக்க வேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது. கூலி உயர்ந்தது சரி, அந்த நாலு கிலோவை முதுகல்லவா சுமந்தது!

இத்தகைய வலிக்கு அக்குபங்சரும் கப்பிங்கும் உதவுமா? கப்பிங் நமக்குப் புதிதல்ல. மாட்டுக் கொம்பையும் சுரைக்குடுக்கையையும் வைத்து இரத்தம் உறிஞ்சும் முறையைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. யுனானியில் அதன் பெயர் ஹிஜாமா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் பெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகத் தெரிந்த தடங்களும் இதனால் வந்தவையே. கோப்பைக்குள் காற்றழுத்தம் குறைவதால் தோல் மேலே இழுபடுகிறது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசிந்து தடம் விழுகிறது. அதைக் 'கெட்ட இரத்தம்' என்பது வெறும் பேச்சு. அது கன்றிப்போன தோல்தான், சில நாளில் மறையும்.

ஊசியைப் பற்றிக் கூடுதலாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு நல்ல குணம். புள்ளி பார்க்காமல் மேலாக ஊசி குத்தப்பட்டவர்களில் 44.2. மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சையில் 27.4 மட்டுமே. ஆக, ஊசியால் பலன் உண்டு. ஆனால் எந்தப் புள்ளி என்பதில் அவ்வளவு இரகசியம் இருப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நாட்பட்ட இடுப்புவலி வழிகாட்டியும், உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றோடு ஊசி சிகிச்சையை நிபந்தனையுடன் ஏற்கிறது. நம்மவர்கள் ஆசையாக வாங்கிக் கட்டும் இடுப்புப் பெல்ட்டை வேண்டாம் என்கிறது! கப்பிங்குக்கு இந்த அளவு சான்று இல்லை. தசை இறுக்கம் தளர்ந்து சில நாள் சுகம் கிடைக்கலாம்.

இரண்டுமே வலியைத் தணிப்பவை. தேய்ந்த வட்டை வளர்ப்பவை அல்ல. மறுநாளே அதே மூட்டையைத் தூக்கினால் வலி திரும்பும். ஆகவே ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ "ஊசி போட்டுக்கிட்டேன், தேவலை" என்றால், சுமையைக் குறைத்தாரா, இடையிடையே முதுகை நிமிர்த்தி நாலு எட்டு நடக்கிறாரா என்றும் கேளுங்கள்.

கால் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, காய்ச்சலோடு முதுகுவலி, விழுந்தபின் வந்த வலி, இவற்றில் ஏதேனும் இருந்தால் ஊசிக்கும் கோப்பைக்கும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்ததாக இருக்கட்டும். தோள்பட்டையருகே ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழும் ஆபத்துண்டு. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவோர் கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த தோலில் நெருப்புக் கோப்பை வைத்தால் சுட்டதுகூடத் தெரியாது.