காலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்



பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆண்டிலேயே தடுமாறுவதை நாம் ஆங்காங்கே காண்கிறோம். பாடம் புரியாமல் தடுமாறினால் காரணம் விளங்கும். ஆனால், இந்தப் பிள்ளைக்குப் பாடம் புரிகிறது. விரிவுரையாளர் கேட்கும் வினாவுக்கு விடை சொல்லவும் முடிகிறது. இடுபணி மட்டும் உரிய நாளில் போய்ச் சேருவதில்லை. தேர்வுக்கு முந்திய இரவுவரை புத்தகம் திறக்கப்படுவதில்லை. இதைச் சோம்பல் என்கிறார்கள் வீட்டார். பொறுப்பில்லை என்கிறார்கள் வெளியார். நாளடைவில் அந்தப் பிள்ளையும் அப்படியே நம்பத் தொடங்கிவிடுகிறது. படிப்பை இடையில் விட்டுவிட்டுத் திரும்புவோரும் உண்டு.

இவர்களுள் ஒரு பகுதியினருக்கு இருப்பது சோம்பல் அன்று. கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்பது அதன் பெயர். ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக வழங்குவர். இத்தகைய மாணவர்களுக்குத் துணைநிற்கும் திட்டமிடல் கருவிகளைக் கைப்பேசியிலும் கணினியிலும் எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். செயலி உருவாக்கக் கற்கும் நம் இளைஞர்களுக்கும், பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுக் கவலைப்படும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலில் இக்குறைபாட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1902ஆம் ஆண்டில் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி மருத்துவர் அவையில் உரையாற்றினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் குறைபாட்டு விளக்க நூலில், 1980இல் கவனக்குறைவு முதன்மையான அடையாளமாக இடம் பெற்றது. 1987இல் இப்போதைய பெயர் வந்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, 17 வயதிலும் அதற்கு மேலும் உள்ளோரிடம் இதைக் கண்டறிவதற்கான வரையறையைத் தனியே கூறிற்று. எனவே, இது குழந்தைகளுக்கு மட்டும் உரியது, வளர்ந்தால் தானே போய்விடும் என்று எண்ணுவது சரியாகாது. வயது வந்தோரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு.

இன்னொன்றையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். இக்குறைபாடு உடைய அனைவரும் ஓடியாடித் திரிபவர் அல்லர். வகுப்பில் அமைதியாக அமர்ந்து, மனம் மட்டும் எங்கோ சென்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லையாதலால் ஆசிரியர் கண்ணில் அவர்கள் படுவதில்லை. பெண்பிள்ளைகள் பலர் இவ்வாறே அறியப்படாமல் போகின்றனர்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1997இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில், உரிய இடத்தில் செயலாக்குவதில்தான் இடர்ப்பாடு. வேறு ஆசையை அடக்கி நிறுத்துவது, செய்ய வேண்டியதை மனத்தில் ஏந்தி வைத்திருப்பது, காலம் கழிவதை உணர்வது ஆகிய மூன்றும் தளர்ந்திருக்கின்றன. இவர்களுக்குக் காலம் இரண்டே கூறாகத் தோன்றுகிறது எனலாம். ஒன்று ‘இப்போது’, மற்றொன்று ‘இப்போது இல்லை’. மூன்று வாரத்திற்குப் பின் வரும் வெள்ளிக்கிழமையும், மூன்று மாதத்திற்குப் பின் வரும் வெள்ளிக்கிழமையும் ஒரே தொலைவில் நிற்கின்றன. திடீரென்று ஒருநாள் அந்த வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்கும்போதுதான் மனம் பதைக்கிறது.

அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். எந்த வீட்டிலும் கடிகாரம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. காலம் வெளியே இருந்தது. எல்லார் காதிலும் விழுந்தது. பள்ளிக்கூடமும் அப்படித்தான். பாடத்திற்குப் பாடம் மணி அடிக்கிறது. ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குகிறார். மாலையில் அம்மா, “வீட்டுப்பாடம் முடிந்ததா?” என்கிறார். தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் நாம், பென்சிலை நாள்தோறும் தொலைக்கும் பிள்ளை எத்தனை கைகளின் தாங்குதலால் ஆறாம் ஆண்டை முடிக்கிறது என்பதை அறிவோம். பல்கலைக்கழகத்தில் அந்தக் கைகள் எல்லாம் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. வாரத்தில் சில மணி நேரம் விரிவுரை. மற்ற நேரம் முழுவதும் மாணவர் பொறுப்பு. தவணைத் தொடக்கத்தில் கொடுத்த இடுபணியைப் பற்றிக் கடைசி நாள்வரை எவரும் கேட்பதில்லை. அதுவரை மறைந்திருந்த குறை அங்கேதான் வெளிப்படுகிறது.

கைப்பேசியில்தான் நாட்காட்டி, நினைவூட்டி எல்லாம் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால், அவற்றுள் பல, திட்டமிடத் தெரிந்தவருக்காகவே செய்யப்பட்டவை. வேலையை நினைவு வைத்து எழுத வேண்டும். பிரிவு பிரித்து, முதன்மை குறித்து, நாளும் நேரமும் இட வேண்டும். பிறகு நாள்தோறும் மறவாமல் திறந்து பார்க்கவும் வேண்டும். எந்த ஆற்றல் குறைவு என்று கருவியைத் தேடினாரோ, அதே ஆற்றலைக் கருவி விலையாகக் கேட்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற கதைதான். புதிய செயலி ஒரு வாரம் இனிக்கிறது. இரண்டாம் வாரத்தில் மறக்கப்படுகிறது. ஆகவே, கருவி மாணவரிடம் குறைவாகக் கேட்டு, நிறைவாகத் தர வேண்டும். இதுவே அடிப்படை விதி. இதிலிருந்து ஐந்து நெறிகள் பிறக்கின்றன.

முதலாவது, குறித்துக்கொள்வது எளிதாக இருக்க வேண்டும். விரிவுரை முடிந்து கதவருகே நடந்துகொண்டிருக்கையில், “அடுத்த புதனுக்குள் இரண்டு பக்கம்” என்று விரிவுரையாளர் சொல்கிறார். அந்தச் செய்தி மாணவர் மனத்தில் தங்கப்போவது சில நொடிகளே. கடவுச்சொல், பட்டியல், நிறம் என்று கருவி வினாக்களை அடுக்கினால் செய்தி போய்விடும். ஒரு தொடுதலில், வாயால் சொன்னாலே பதிய வேண்டும். தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, அல்லது மூன்றும் கலந்தோ சொன்னாலும் ஏற்க வேண்டும். வகை பிரிக்கும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தின் பாட அட்டவணையையும் இடுபணி நாட்களையும் கருவி தானே எடுத்து நிரப்பிக்கொள்ளுமானால் இன்னும் நல்லது.

இரண்டாவது, காலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஜான் ராஜர்ஸ் என்ற தாயார், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று ஓயாமல் கேட்ட தம் சிறு மகளுக்காக 1994இல் ஒரு கடிகாரத்தை அமைத்தார். அதன் முகத்தில் ஒரு சிவப்பு வட்டத் துண்டு. நேரம் கழியக் கழிய அது சுருங்கி மறையும். எண்களைப் படித்துக் கழித்தல் கணக்குப் போட வேண்டியதில்லை. மிச்சம் எவ்வளவு என்பதைக் கண் சொல்லிவிடும். டைம் டைமர் என்ற பெயரில் அது பல நாட்டு வகுப்பறைகளுக்குச் சென்றது. கைப்பேசித் திரையிலும் இதே முறை வேண்டும். ‘கடைசி நாள் 18’ என்று எழுதுவதைவிட, அந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையே உள்ள தொலைவை ஒரு பட்டையாக வரைந்து, அது நாளுக்கு நாள் குறுகுவதைக் காட்டுவது பயன் தரும். அந்தப் பட்டைக்குள் விரிவுரை, உணவு, உறக்கம், பயணம் ஆகியவற்றுக்கான நேரத்தைக் கழித்துக் காட்டினால், உண்மையில் கைக்கு எஞ்சுவது எத்தனை மணி நேரம் என்பது புலப்படும்.

மூன்றாவது, பெரிய வேலையைச் சிறு வேலைகளாக்க வேண்டும்; அவற்றுக்கு ஆகும் நேரத்தையும் கருவி கணித்துத் தர வேண்டும். ‘2,000 சொல்லில் கட்டுரை’ என்பது ஒரு வேலை அன்று, ஒரு மலை. ‘நூலகத் தளத்தில் இரண்டு கட்டுரைகளைத் தேடி எடு’ என்பதுதான் வேலை. எது முதற்படி என்பது தெரிந்தால் கை நகரும். நேரக் கணிப்பில் நாம் எல்லாருமே ஏமாறுகிறோம். ரோஜர் பியூலர் முதலிய உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றனர். முடித்ததோ சராசரியாக 55 நாளுக்கு மேல். எல்லாம் தவறாய்ப் போனால்கூட 49 நாளுக்குள் முடியும் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். குறைபாட்டைக் கருதித் தேர்ந்தெடுத்த மாணவர் அல்லர் இவர்கள். அவர்களுக்கே இப்படியென்றால், காலத்தை உணர்வதில் இடர்ப்படுவோர் நிலை என்ன? ஆகையால், மாணவர் சொல்லும் கணிப்பைக் கருவி அப்படியே ஏற்கக்கூடாது. சென்ற முறை இதுபோன்ற வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதைப் பதிந்து வைத்து, “முன்பு ஐந்து மணி நேரம் ஆயிற்று, இப்போது இரண்டு போதுமா?” என்று மென்மையாகக் கேட்க வேண்டும்.

நான்காவது, நினைவூட்டல் செயல் நடக்கும் இடத்தில் வர வேண்டும். பேருந்தில் நிற்கும்போது, “உயிரியல் படி” என்று மணி அடித்து என்ன பயன்? ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் ஒரு முறையை விளக்கினார். ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்னதாகவே முடிச்சிட்டு வைப்பது அது. ‘இரவு உணவு முடித்து அறைக்கு வந்ததும் மேசையில் அமர்ந்து முதற்பத்தியை எழுதுவேன்’ என்பது ஓர் எடுத்துக்காட்டு. கருவி இத்தகைய முடிச்சுகளைப் போட்டுத்தர வேண்டும். மணிகளின் எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும். ஓயாமல் அடிக்கும் மணி சில நாளில் காதில் விழாமல் போய்விடும். தவிரவும், கைப்பேசி படிப்புக்குத் துணை மட்டும் அன்று. கவனத்தைக் களவாடுவதும் அதுதான். திட்டத்தைப் பார்க்கத் திறந்தவர் காணொளியில் மூழ்கி எழுந்தால் கருவி தோற்றுவிட்டது என்று பொருள். பூட்டிய திரையிலேயே அடுத்த வேலை ஒன்று மட்டும் தெரிந்தால் உள்ளே செல்ல வேண்டிய தேவை இல்லை. அன்றாடத் திட்டத்தைத் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்ட வழி இருந்தால் அதுவும் நன்று.

ஐந்தாவது நெறி, கருவி மன்னிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இதை நாம் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஒரு மாணவி காய்ச்சலால் நான்கு நாள் கருவியைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் திறக்கிறார். ‘17 வேலைகள் தவறின’ என்று சிவப்பு எழுத்தில் வரிசையாக நிற்கிறது. ‘உங்கள் 12 நாள் தொடர்ச்சி முறிந்தது’ என்ற செய்தி வேறு. சிறு வயதிலிருந்தே “மறதிக்காரி” என்று பெயர் வாங்கியவருக்கு இது இன்னொரு குரல். அவர் மூடிவிடுகிறார், மறுபடி திறப்பதே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? தவறிய நாளைக் கருவி இயல்பாக ஏற்றுக்கொண்டு, “நல்வரவு. இன்று செய்யத்தக்கவை இவ்விரண்டு. மற்றவற்றை வேறு நாளுக்கு மாற்றட்டுமா?” என்று கேட்டால் மாணவி தொடர்வார். திட்டம் ஒரு நாளும் தவறாமல் இருப்பது பெரிதன்று. தவறியபின் விரைவில் திரும்பி வருவதே பெரிது. கருவியின் தரத்தையும் அதைக் கொண்டே அளக்க வேண்டும். முதல் நாளில் எத்தனை பேர் பாராட்டினர் என்று பாராமல், தவணையின் பத்தாம் வாரத்தில் எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகின்றனர், விட்டவர் எதனால் விட்டனர் என்று பார்க்க வேண்டும். அதற்கு, இக்குறைபாடு உடைய மாணவர்களையே தொடக்கத்திலிருந்து உடன் அமர்த்தி வடிவமைப்பது இன்றியமையாதது. அவர்களுடைய குறிப்புகள் அவர்களுக்கே சொந்தம். அவர்கள் இசையாமல் பெற்றோருக்கோ விரிவுரையாளருக்கோ அவை செல்லக்கூடாது. கண்காணிக்கும் கருவியிடம் எவரும் உண்மை சொல்லமாட்டார்.

நேயர்களே, கருவி மருத்துவம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைபாடு இருக்கிறதா என்பதை மனநல மருத்துவரோ, பயிற்சி பெற்ற உளவியலாளரோதான் ஆராய்ந்து கூற முடியும். உறக்கமின்மை, மனச்சோர்வு, கவலை ஆகியவையும் இதே அடையாளங்களைக் காட்டலாம். தேவையானவர்களுக்கு மருந்து உண்டு. நேரத்தைக் கையாளப் பழக்கும் உளவியல் பயிற்சியும் உண்டு. பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை நாடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் நாட்டில் சமூக நலத்துறையின் பதிவில், கற்றல் இடர்ப்பாடு என்ற பிரிவின்கீழ் இக்குறைபாடும் இடம் பெறுகிறது.

செயலி கைக்கு வரும்வரை வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன நெறிகளை ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பெரிய மாதத் தாள், ஒரே ஒரு குறிப்புப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டே கைக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் விடுதிக்குப் பேசும் தந்தை, “எல்லாம் முடித்துவிட்டாயா?” என்று கேட்பதற்குப் பதிலாக, “இந்த வாரம் முதலில் தொடங்கப்போவது எது? எந்தக் கிழமை, எங்கே உட்கார்ந்து?” என்று கேட்டுப் பார்க்கட்டும். முன்னது விசாரணை, பின்னது துணை. அந்தக் கேள்விக்குப் பிள்ளை சொல்லும் விடையே அந்த வாரத்தின் திட்டம் ஆகிவிடும்.

மணியோசை கேட்காத இடத்தில் நிற்கும் பிள்ளைக்கு மணியை எடுத்துச் சென்று கொடுப்பதே நாம் செய்யத்தக்கது. அதைச் செய்யும் கருவிகளை நம் இளைஞர்கள் உருவாக்குவார்களாக.