ஓய்வு பெற்ற மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஷூ கம்பெனிகளில் முப்பது வருடம் புரொடக்‌ஷன், கணக்கு, ஷிப்பிங் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் மஹல்லாக்களில் பலர். அதே தெருவில் பத்துத் தையல் மெஷினோடு அப்பர் ஜாப் ஒர்க் செய்யும் இளைஞர், பில் பணம் வராமல் தவிக்கிறார். இருவரையும் சேர்த்து உட்கார வைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவில் ஓய்வு பெற்ற நிர்வாகிகளின் ஸ்கோர் அமைப்பு 1964 முதல் இதைச் செய்கிறது. நம் நாட்டில் ஜே.ஆர்.டி. டாடாவைத் தலைவராகக் கொண்டு 1992ல் தொடங்கிய பாரதீய யுவ சக்தி டிரஸ்ட், இளம் தொழில்முனைவோருக்கு அனுபவசாலி ஒருவரைத் துணை வைக்கிறது. கடனை விட இந்தத் துணையே பெரிது என்பது நம் கருத்து.

ஏனென்றால், சட்டம் இருந்தும் பலருக்குத் தெரிவதில்லை. உத்யம் பதிவு இலவசம். வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். பதிந்த குறு, சிறு யூனிட்டுக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையை ஏற்ற கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள். தவறினால் மாவட்டத் தொழில் மையத்தில் வழி கேட்டுப் புகார் செய்யலாம். (தாமதத்துக்குச் சட்டம் வட்டியும் சொல்கிறது, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் உங்கள் ஹக்.) ஆனால் கையெழுத்தான டெலிவரி சலான் இல்லாமல் புகார் நிற்பது கஷ்டம். கடனைத் தவணையோடு எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் ஆயத்தை ஓதுகிற நாம்தான் வாய்ப்பேச்சில் வேலை எடுக்கிறோம்!

பெரியவர்களே, மாதம் இரண்டு நாள் அஸருக்குப் பின் வந்தால் போதும். பழைய கம்பெனியின் ரகசியம் எதையும் பேச வேண்டாம். சம்பளம் கிடையாது; டீ உண்டு. டிரஸ்ட் ஆபீசில் பெயர் கொடுங்கள்.