நக்கீரர் இருக்கும் சபைக்கு ஒரு கட்டுரை

1965ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் தருமியாக வரும் காட்சியைப் பார்க்காத தமிழ் மாணவர் நம்மிடையே இருப்பது அரிது. மன்னனின் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. தருமி பாட்டோடு வருகிறார். மன்னன் மகிழ்கிறான். பரிசு கைக்கு வரும் நேரத்தில் நக்கீரர் குறுக்கிட்டு, பாட்டில் குற்றம் இருக்கிறது என்கிறார். தருமியால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. அந்தப் பாட்டை அவர் எழுதவில்லை.

சிறு வயதில் இந்தக் காட்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். சென்ற ஆண்டு அதே இடத்தில் நானே நின்றேன். எனக்குச் சபையாக இருந்தது ஓர் ஆய்விதழ். நான் கொண்டு போன பாட்டு, துவாஸ் காற்றைப் பற்றிய ஒரு கட்டுரை.

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தை முடித்துவிட்டு, “இதை ஆய்விதழுக்கு அனுப்பலாமா?” என்று யோசிக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வளிமண்டல அறிவியல் என் துறை. ஆயினும் இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை மற்றத் துறைகளுக்கும் பொருந்தும்.

சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்றால் என்ன?

ஒரு கட்டுரை ஆய்விதழுக்குச் சென்றதும் முதலில் அதன் ஆசிரியர் படிக்கிறார். இதழின் எல்லைக்குள் வராதது, புதிதாக ஒன்றும் சொல்லாதது என்று அவர் கருதினால் கட்டுரை அங்கிருந்தே திரும்பிவிடும். அந்த வாசலைத் தாண்டினால், அதே துறையில் ஆய்வு செய்யும் இருவர் அல்லது மூவருக்கு அனுப்பப்படுகிறது. பெரும்பாலும் அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் கருத்துகளின் அடிப்படையில் ஆசிரியர் முடிவெடுப்பார். ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு என்று முடிவு நான்கு வகைப்படும். முதல் சுற்றிலேயே ஏற்கப்படுவது மிக அரிது. ஆகவே ‘பெருந்திருத்தம்’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். கதவு இன்னும் திறந்தே இருக்கிறது என்பதே அதன் பொருள்.

மதிப்பாய்வாளர் நம் சோதனையை மீண்டும் செய்து பார்ப்பதில்லை. “நீங்கள் கண்டதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா? அதைச் சோதித்தீர்களா?” என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. இதற்கு நம் கடற்பகுதியிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

கப்பல் பாதையில் மின்னல்

துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தில் மழைக்கால மாலையில் வந்தவர்களுக்குத் தெரியும், கடலின் மேல் மின்னல் எப்படி வெட்டும் என்று. அந்த மின்னலில் ஒரு பகுதிக்குக் கப்பல்களும் காரணமாக இருக்கலாம் என்று 2017இல் ஓர் ஆய்வு கூறியது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் தோர்ன்டனும் அவருடைய குழுவினரும் 12 ஆண்டு மின்னல் பதிவுகளை ஆராய்ந்தனர். வடகிழக்கு இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும், கப்பல் பாதைகளுக்கு நேர் மேலே மின்னல் அக்கம்பக்கத்தைவிட இரண்டு மடங்கு வரை அதிகமாக இருந்தது. இலங்கைக்குத் தெற்கே இருந்து மலாக்கா நீரிணைக்கு வரும் பாதை, மின்னல் வரைபடத்தில் கோடு போட்டது போலத் தெரிந்தது.

கப்பல் புகையிலுள்ள நுண்துகள்கள் மேகத்துக்குள் சென்றால், நீர் மிகச் சிறிய துளிகளாகப் பிரிகிறது. சிறு துளிகள் சீக்கிரம் மழையாக விழாமல் மேலே ஏறி உறைகின்றன. பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போது மின்னேற்றம் உண்டாகிறது. இதுவே அவர்கள் தந்த விளக்கம்.

இப்போது நக்கீரராக இருந்து கேட்டுப் பாருங்கள். பாதை இருக்கும் இடத்தின் வானிலையே அப்படிப்பட்டதாக இருந்தால்? ஆய்வாளர்கள் பாதையை ஒப்பிட்டது எங்கோ தொலைவிலுள்ள கடலோடு அல்ல, தட்பவெப்பத்தில் ஒத்திருக்கும் பக்கத்துக் கடற்பகுதியோடுதான். இயற்கை இவ்வளவு நேரான கோடு போடுவதும் இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் “கப்பல் புகையே காரணம் என்று நிறுவிவிட்டோம்” என்று எழுதவில்லை. அது தங்கள் கருதுகோள் என்றே எழுதினர். மின்னல் அதிகம் என்பது அவர்கள் அளந்தது. புகை காரணம் என்பது அவர்கள் ஊகித்தது. இரண்டையும் வெவ்வேறு சொற்களால் குறித்தார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

கதை அங்கே முடியவில்லை. 2020 சனவரி 1 முதல், கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கப்பல்கள் வழக்கம்போல் ஓடின. புகை மட்டும் மாறியது. எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ய முடியாத சோதனை அது. அந்தப் பாதைகளின் மேல் மின்னல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை, தோர்ன்டனும் இடம்பெற்ற ஒரு குழு 2025இல் வெளியிட்டது. கருதுகோள் வலுப்பெற்றது.

இந்த இரண்டாம் கட்டுரை வெளிவந்த ‘அட்மாஸ்பியரிக் கெமிஸ்ட்ரி அண்ட் பிசிக்ஸ்’ இதழில் நமக்கு ஒரு வசதி உண்டு. 2001இல் தொடங்கப்பட்ட அவ்விதழ் மதிப்பாய்வைத் திறந்த வெளியில் நடத்துகிறது. மதிப்பாய்வாளர் கேட்ட கேள்விகளையும் ஆசிரியர்கள் தந்த பதில்களையும் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அனுப்புவதற்கு முன் ஐந்தாறு கட்டுரைகளின் கேள்வி பதில்களைப் படித்துவிடுங்கள். வேறெந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது.

நான் தருமியான கதை

என் தந்தை துவாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் வீடு ஜொகூரில், கேலாங் பாத்தாவில். நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பார். ஆகவே இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேட வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. துவாஸில் ஒரு பட்டறைச் சுவரில், நுண்துகள் அளக்கும் மலிவு விலை உணரி ஒன்றை மூன்று மாதம் பொருத்தினோம். விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை அளவு மளமளவென்று ஏறியது. அப்பா வந்து சேரும் நேரம்!

வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். “அப்ப நான் வர்ற நேரந்தான் ரொம்ப மோசமாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரமே முகக்கவசம் வாங்கிவிட்டார். உடன் வேலை செய்பவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

கட்டுரையை எழுதி, மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு அனுப்பினோம். பத்து வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டாம் மதிப்பாய்வாளர் இரண்டே கேள்விகள் கேட்டிருந்தார். இந்த உணரியைத் தரமான கருவி ஒன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டீர்களா? ஈரப்பதத்துக்குத் திருத்தம் செய்தீர்களா?

இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். இத்தகைய உணரி காற்றில் ஒளியைச் செலுத்தி, துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து அளவைக் கணிக்கிறது. ஈரக் காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். உணரி அதை அதிக மாசு என்று எண்ணிவிடும். தரமான கருவிகள் காற்றை உலர்த்திய பிறகே அளக்கின்றன. சிங்கப்பூரில் சூரிய உதயத்துக்குச் சற்று முன்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். என் வரைபடத்தின் விடியற்காலை ஏற்றம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஈரப்பதம் என்ற சொல்லைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்றேன். தேசியப் பள்ளியில் மலாயில் கற்றேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கற்றேன். மூன்று மொழியிலும் தெரிந்த ஒன்றை அளக்க மறந்தேன்! உணரி தந்த எண்ணை அப்படியே சபைக்குக் கொண்டு போயிருந்தேன். அது எப்படி உருவாயிற்று என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தருமியின் நிலைக்கும் என் நிலைக்கும் என்ன வேறுபாடு?

கட்டுரை நிராகரிக்கப்பட்டது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு உணரியைப் பல்கலைக்கழகத்திலுள்ள தரமான கருவியின் பக்கத்தில் ஆறு வாரம் வைத்தோம். ஈரப்பதத்துக்குத் திருத்தம் கண்டோம். பழைய பதிவுகளுக்கு அதைப் பொருத்தியபோது விடியற்காலை ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்து போனது. எஞ்சியது சிறு மேடு. அது வாகனப் புகையா, வேறு ஏதேனுமா என்று சொல்ல ஓர் உணரி போதாது.

அனுப்புவோர் கவனத்திற்கு

முதலாவதாக, இதழைத் தேர்ந்தெடுத்த பிறகு எழுதுங்கள். கருவியையும் அளவீட்டு முறையையும் பற்றியதென்றால் ‘அட்மாஸ்பியரிக் மெஷர்மென்ட் டெக்னிக்ஸ்’ போன்ற இதழ்கள் உண்டு. புதிய கண்டுபிடிப்பைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், மின்னல் பற்றிய 2017 கட்டுரை வெளிவந்த ‘ஜியோபிசிக்கல் ரிசர்ச் லெட்டர்ஸ்’ போன்றவை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.

இரண்டாவதாக, கட்டணத்தை முன்னரே விசாரியுங்கள். யாரும் படிக்கும்படி வெளியிடும் இதழ்கள் பல ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்கும். பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். “ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் மட்டும் அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள்.

மூன்றாவதாக, யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். தரவுகளை எங்கே வைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பல இதழ்கள் இன்று அதைக் கட்டாயம் கேட்கின்றன.

நான்காவதாக, மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கேள்வியையும் எடுத்தெழுதி, அதன் கீழ் பதிலையும், கட்டுரையில் எந்த வரியை மாற்றினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். அவர் சொல்வது தவறென்றால் பணிவாக, சான்றோடு மறுக்கலாம். கோபம் வந்தால் இரண்டு நாள் கழித்து எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் எண்ணையும் தொட்டு, “இது எப்படி வந்தது?” என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்களால் பதில் சொல்ல முடியாத எண்ணைச் சபைக்குக் கொண்டு போகாதீர்கள்.

எங்கள் கட்டுரையை ஈரப்பதத் திருத்தம் பற்றியதாக மாற்றி எழுதி, வேறோர் இதழுக்கு அனுப்பியிருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை. ஆனால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பாக நான் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருந்தார். “அப்பா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு” என்றேன். விவரத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப காத்து நல்லாதான் இருக்கா?” என்றார்.

“அதுவும் இன்னும் தெரியலப்பா. அளந்துட்டுச் சொல்றேன்.”

முகக்கவசத்தை அவர் கழற்றவில்லை.