கணினி வட்டும் அதன் எழுத்தும்

ஈரோட்டை அடுத்த அறச்சலூரின் மலைக்குகையில் இசைக் கல்வெட்டு எனப்படும் ஒன்று உளது. அது தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டது. அவ்வெழுத்தை அறியாதார்க்கு அது வெறுங் கீறலாகவே தோன்றும். ஆயினும், கல்லில் ஒன்றுமில்லை எனக் கூறி அதனைச் செதுக்கித் தள்ள ஒருவரும் உடன்படார். கணினி வட்டினிடத்திலோ இத்தகைய அழிவு எளிதில் நேர்கின்றது. அஃது எவ்வாறென்பதையும், தடுக்கும் வழியையும் யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எந்தக் கோப்பு வட்டின் எவ்விடத்தில் உள்ளதென்று குறித்துவைக்க ஒவ்வோர் இயங்குதளமும் ஒரு முறையைக் கையாளும். இதனைக் கோப்பு முறைமை என்பர். விண்டோஸ் பெரும்பாலும் 1993-இல் தோன்றிய என்.டி.எஃப்.எஸ். முறைமையையும், லினக்ஸ் பெரும்பாலும் 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 முறைமையையும் கொள்வன. லினக்ஸ் இவ்விரண்டையும் வாசிக்க வல்லது; விண்டோஸோ துணைக்கருவியின்றி எக்ஸ்ட்4-ஐ வாசியாது.

இச்செய்தி எம் பெருந்துறை வட்டாரத்தார்க்கும் உரியதே. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்னும் இரு தளங்களும் இருந்தன. பல குடும்பங்களுக்கு முதற் கணினியாய் வாய்த்த அவை இன்று பழுதுற்றுக் கிடத்தல் இயல்பே. அவற்றின் வட்டைக் கழற்றிப் புதிய விண்டோஸ் கணினியிற் பூட்டுவோர், லினக்ஸ் பகுதியில் தாம் சேமித்த கட்டுரைகளையும் படங்களையும் காணார். இதனைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்தல் வேண்டும் என்னும் அறிவிப்பையே காண்பர். அதற்கு இசைதலே கேடு. வட்டு வெறுமையாய் இல்லை. வாசிக்கும் தளத்திற்கு அதன் முறை தெரியவில்லை, அவ்வளவே.

ஆதலின், முதற்கண் அவ்வறிவிப்பை மறுத்துவிடுக. பின்னர், யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றினால் கணினியைத் தொடங்கி, பழைய வட்டில் எதனையும் எழுதாது, கோப்புகளைப் பிறிதொரு வட்டிற்குப் படியெடுக்க. அவ்வட்டு எக்ஸ்ஃபேட் முறைமையினதாயின் இன்றைய இரு தளங்களும் அதனை வாசிக்கும். பழைய ஃபேட்32-உம் இரண்டிற்கும் பொதுவே. ஆயின் 4 ஜி.பி.யை எட்டும் தனிக்கோப்பு அதில் அடங்காது.

கோப்புக் கிடைத்த பின்னும் தமிழ் மாணவர்க்கு ஓர் இடர் எஞ்சும். யுனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துக்களுக்கு டிஸ்கி, டாப் முதலிய பல குறிமுறைகள் வழங்கின. அவற்றில் எழுதியவை உரிய எழுத்துரு இல்லாவிடிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். இவற்றையும் அழித்தல் வேண்டா. குறிமாற்றிக் கருவியால் யுனிகோடாக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை டிஸ்கியிலும் யுனிகோடிலும் வெளியிட்டமை இதற்குத் தக்க சான்று.

ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்த முன்னோரால் நமக்கு இலக்கியங்கள் எஞ்சின. வட்டுக்கும் வாழ்நாள் உண்டு. பரணிற் கிடக்கும் பழங்கணினியை உடைய நண்பர்கள், இவ்விடுமுறையிலேயே அதன் வட்டைப் படியெடுத்துக் காப்பாராக.