மடிக்கணினி சூடேறுதல்: காரணமும் பரிகாரமும்

பள்ளியிலும் களப்பணியிலும் பயன்படும் மடிக்கணினி, சிறிது நேரத்தில் சூடேறி வேகம் குன்றுவதுண்டு. அதனைப் பழையதென ஒதுக்கிவிடலாகாது. வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்குகையில், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நுண்செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

நுண்செயலியின் வெப்பத்தைச் செப்புக் குழாய் மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. சிறு விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆதலின், கணினி சூடாயிருக்கையில் காற்று வெளிவரும் துளையருகே கையை வைத்துப் பார்த்தால் குறை பெரும்பாலும் புலனாகும். விசிறி இரைந்தும் காற்று மெலிந்து வருமாயின், தகடுகளிடையே தூசி அடைத்திருக்கும். ஓசையும் காற்றும் இல்லையேல் விசிறி பழுதுற்றிருக்கலாம். காற்று மிகுதியாக வந்தும் அதில் வெப்பமில்லையேல், நுண்செயலிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருத்தல் கூடும். அதனை மாற்றுதல் பழகியவர் செய்யத்தக்கது.

தூசியை ஊதுமுன் கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்குதல் வேண்டும். விசிறி சுழலாதவாறு தடுத்துக்கொள்ளுதலும் அவசியம். மெத்தைமீது வைத்துப் பயன்படுத்தினால் அடித்துளைகள் மூடப்படும்; பலகைமீது வைத்தலே நலம்.

அடிப்புறம் புடைத்திருப்பின் மின்கலம் உப்பியிருக்கக்கூடும். அதனை மின்னேற்றுவதும், அழுத்துவதும், துளைப்பதும் தீவிபத்தை விளைவிக்கும். உடனே பயன்பாட்டை நிறுத்தி, மாணவர் கைக்கு எட்டாதவாறு வைத்து, பழுது நீக்குவோரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.